பாசிகளைப் படித்த வைத்தியர்

பாசி என்றால் வழுக்கும், தேய்த்துக் கழுவ வேண்டும். எங்கள் வீடுகளில் அதைப் பற்றிய பேச்சு அவ்வளவுதான். உயர்தர உயிரியலில் பொகொனேற்றம் படித்தபோது, இந்தச் சின்னஞ்சிறு தாவரங்களை யார் இனம் பிரித்தார் என்று தேடினேன். கிடைத்த பெயர் யொஹான் ஹெட்விக்.

1730 இல், இன்று ருமேனியாவிலுள்ள பிராஷோவ் நகரில் பிறந்தவர். ஜேர்மனியின் லைப்சிக்கில் வைத்தியம் கற்று ஊர் திரும்பினார். ஒஸ்திரியப் பட்டம் இல்லையென்று அங்கே தொழில் செய்ய விடவில்லை. எனவே கெம்னிற்ஸ் நகரில் வைத்தியரானார். நோயாளரைப் பார்க்கப் போகுமுன் அதிகாலையில் பாசி சேகரிப்பார்; வேலை முடிந்தபின் நுணுக்குக்காட்டியின் முன் அமர்வார். கண்டதை வரைய வேண்டுமே என்பதற்காக நாற்பது வயதளவில் சித்திரம் பழகினார். முதல் மனைவியையும் பிள்ளைகள் பலரையும் இழந்த வீடு அது. எப்படித்தான் மனம் ஒருமித்ததோ!

பாசியில் மெல்லிய காம்பின் நுனியில் ஓர் உறை இருக்குமல்லவா? அதை மகரந்தப்பை என்றே பேரறிஞர் லினேயஸ் கருதினார். ஆனால் 1774 இல் ஹெட்விக் உண்மையான ஆண் உறுப்புகளை இலைகளுக்கு நடுவே கண்டார். உறையிலிருந்த தூளை விதைத்துப் பார்த்தார்; புதிய பாசி முளைத்தது. அது மகரந்தமல்ல, வித்திகள். ஒரு சிறுநகர வைத்தியர் லினேயஸைத் திருத்தியதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

உறையின் மூடி விழுந்ததும் வாயைச் சுற்றி நுண்ணிய பற்கள் தெரியும். எத்தனை பற்கள், ஒரு வரிசையா இரண்டா என்று எண்ணியே அவர் பாசிகளை வகைப்படுத்தினார். எரிந்த நிலத்தில் முளைக்கும் பியூனேரியாவில் வெளியே 16, உள்ளே 16. இலையை மட்டும் பார்த்தால் பல பாசிகள் ஒன்றுபோலவே இருக்கும்.

1781 இல் லைப்சிக் சென்றவர் 1789 இல் அங்கே தாவரவியல் பேராசிரியரானார். 1799 இல் காலமானார். அவருடைய பெருநூலை மாணவர் ஷ்வெக்ரிக்கென் 1801 இல் வெளியிட்டார். ஸ்பக்னம் குடும்பம் நீங்கலாக, பாசிகளின் விஞ்ஞானப் பெயர்கள் இன்றும் அந்த நூலிலிருந்தே கணக்கிடப்படுகின்றன.

உலகின் எத்தனையோ நகரங்களில் நடைபாதைக் கல்லிடுக்கில் பிரையம் ஆர்ஜென்ரியம் வளர்கிறது. இலை நுனியில் பச்சையம் இல்லாததால் காய்ந்தால் வெள்ளிபோல் மின்னும். அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அதன் பெயருக்குப் பின்னால் தாவரவியலாளர் எழுதும் சிறு சுருக்கம், ஹெட்விக்கைக் குறிப்பது.