எல்ட்ரிட்ஜ் ஜான்சன்

எல்ட்ரிட்ஜ் ரீவ்ஸ் ஜான்சன் (பெப்ரவரி 6, 1867 – நவம்பர் 14, 1945) ஓர் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளரும் தொழிலதிபரும் ஆவார். கிராமபோனின் சுழல்தட்டைச் சீரான வேகத்தில் சுழலச் செய்து, அதனை இசை கேட்பதற்கு ஏற்ற கருவியாக மாற்றியவர்களுள் முதன்மையானவர். விக்டர் டாக்கிங் மெஷின் நிறுவனத்தைத் தொடங்கியவரும் இவரே.

இளமை

ஜான்சன் டெலவெயர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்து, டோவர் நகரில் வளர்ந்தார். கல்லூரியில் பயில விரும்பினார். ஆனால் அதற்குரிய அறிவு அவருக்கு இல்லை என்று கூறிய பள்ளித் தலைவர், கைத்தொழில் கற்குமாறு அனுப்பிவிட்டார். எனவே 1883 இல் பிலடெல்பியாவில் இயந்திரங்கள் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் சேர்ந்தார். பின்னர் நியூ ஜெர்சியின் கேம்டன் நகரில் ஒரு பட்டறையில் பணியாற்றி, 1894 இல் அதற்கு உரிமையாளர் ஆனார்.

சுருள்வில் பொறி

எமில் பெர்லினர் உருவாக்கிய தொடக்ககாலக் கிராமபோன்கள் கையால் சுற்றப்பட்டன. கையின் வேகம் மாறும்போது சுருதியும் மாறியது. நிமிடத்துக்கு 70 முறை சுழல வேண்டிய தட்டு 74 முறை சுழன்றால், சுருதி ஏறத்தாழ அரைச்சுரம் உயர்ந்துவிடும். பேச்சில் இது பெரிதாகத் தெரியாது. நீண்டு ஒலிக்கும் சுரத்தில் உடனே தெரியும். ஆகவே அக்கருவி பலராலும் விளையாட்டுப் பொருளாகவே கருதப்பட்டது.

1896 இல் பெர்லினரின் நிறுவனத்துக்காக ஜான்சன் சுருள்வில்லால் இயங்கும் பொறியைச் செம்மைப்படுத்தினார். சாவி கொடுத்த சுருள்வில் தளரத் தளர அதன் விசை குறையும். இதனை ஈடுசெய்ய வேகக் கட்டுப்படுத்தி ஒன்று பயன்பட்டது. வேகம் கூடினால் அதன் சிறு எடைகள் வெளிநோக்கி விலகும். அதனால் உராய்வு மிகுந்து வேகம் தணியும். பிரான்சிஸ் பராட் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில் நாய் உற்றுக் கேட்பது இத்தகைய பொறி கொண்ட கிராமபோனையே. இந்திய இசைத்தட்டுகளிலும் இடம்பெற்ற அவ்வோவியம் தமிழருக்கும் அறிமுகமானது.

விக்டர் நிறுவனம்

1900 இல் நீதிமன்றத் தடையால் பெர்லினர் அமெரிக்காவில் கிராமபோன்களை விற்க இயலாமல் போனது. அவருக்காகக் கருவிகளைச் செய்து வந்த ஜான்சன் வாங்குவோரை இழந்து, கடும் நெருக்கடிக்கு உள்ளானார். அவரே விற்பனையில் இறங்கினார். அவர் மீதும் வழக்குத் தொடரப்பட்டது. அதிலிருந்து மீண்டு, 1901 இல் விக்டர் நிறுவனத்தைத் தொடங்கினார்.

அதுவரை ஒலிபெருக்கும் குழாயின் எடை ஊசியின் மீதும் தட்டின் மீதும் அழுத்தியது. குழாயைத் தனியே தாங்கச் செய்து, ஊசிக்கும் அதற்கும் இடையில் படிப்படியாக விரியும் ஒலிக்குழல் ஒன்றை ஜான்சன் அமைத்தார். இதனால் பள்ளத்தின் நுண்ணிய அசைவுகளை ஊசி எளிதாகப் பின்பற்ற முடிந்தது. 1906 இல் குழாய் பெட்டிக்குள் மறைந்திருக்கும் விக்ட்ரோலா வெளிவந்தது. புகழ்பெற்ற இத்தாலியப் பாடகர் என்ரிக்கோ கரூசோ இந்நிறுவனத்துக்காகப் பாடினார்.

பிற்காலம்

வானொலியின் வரவால் இசைத்தட்டு வணிகம் தளர்ந்த பின்னர், ஜான்சன் தம் பங்குகளை வங்கியாளர்களுக்கு விற்றார். 1929 இல் விக்டர் நிறுவனம் ஆர்.சி.ஏ. வசமானது. கல்லூரிப் படிப்பு மறுக்கப்பட்ட ஜான்சனின் கொடையால், அதே ஆண்டில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மருத்துவ இயற்பியல் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1945 இல் நியூ ஜெர்சியின் மூர்ஸ்டவுன் நகரில் காலமானார்.