சிறுவயல் சின்ன மருது

பட்டர்வொர்த்திலிருந்து படகேறிப் பினாங்குக்குச் சரக்கெடுக்கப் போகும் நம் கெடா வியாபாரிகளுக்கு அத்தீவின் கரை பழகிய காட்சி. அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி, கூலிம் முதலிய பட்டணங்களில் கடை வைத்திருப்போரில் பலருக்குப் பூர்வீகம் இளையான்குடி, தொண்டி, பனைக்குளம் பக்கம். தோட்டங்களில் பால்மரம் வெட்டிய குடும்பங்களிலும் அந்தச் சீமையார் உண்டு. அங்கே மூண்ட வரிச் சண்டையொன்று இந்தத் தீவுக் கரையில் வந்து முடிந்ததை நம்மில் சிலரே அறிவர். ஆகவே சின்ன மருதுவின் சரித்திரத்தை இங்கே தருகிறோம்.

நரிக்குடிக்கு அருகே முக்குளத்தில் பிறந்த மருது சகோதரர் இருவரும் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரிடம் பணிபுரிந்தனர். மூத்தவர் வேட்டைப் பிரியர். ஆர்க்காட்டு ரூபாயை விரலால் வளைப்பார் என்பார்கள். நிர்வாகமெல்லாம் இளையவர் கையில் இருந்தது.

1772-இல் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலியின் படையும் கும்பெனிப் படையும் கப்பப் பாக்கிக்காகச் சீமைக்குள் புகுந்தன. காளையார்கோவிலில் மன்னர் மாண்டார். ராணி வேலு நாச்சியாருடன் மருதிருவரும் விருப்பாச்சியில் தஞ்சம் புகுந்தனர். மைசூர் ஹைதர் அலியின் உதவியால் 1780-இல் சீமை மீண்டது. பறித்த நவாபும் முஸ்லிம், மீட்க உதவிய ஹைதரும் முஸ்லிம். இது மதச் சண்டையன்று, கப்பச் சண்டை என்பதை நம்மவர் மனத்திலிருத்த வேண்டும்.

நவாபுக்கோ கும்பெனியாரிடம் தீராத கடன். யுத்தச் செலவும் வட்டியும் ஏறிக்கொண்டே போக, 1792 உடன்படிக்கைப்படி பாளையக்காரரிடம் கப்பம் வசூலிக்கும் அதிகாரம் கும்பெனிக்கே போய்விட்டது. கடன்பட்டவன் கல்லாப்பெட்டிச் சாவி கடன் கொடுத்தவன் மடிக்கு மாறிய கதைதான். பேரேடு பார்க்கும் நமக்கு இதை விரிப்பானேன்? 1798-இல் பாக்கிக்காகக் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை ஊர் ஊராக அலையவிட்டார். மறு ஆண்டு கயத்தாற்றில் தூக்கு.

1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்ததும் கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை சிறுவயலுக்கு ஓடிவந்தார். காவலாள் இல்லாத வீடு சின்ன மருதுவுடையது, யாரும் நுழையலாம். வந்தவரை ஒப்படைக்கும்படி கும்பெனியார் கேட்டனர். அவர் இணங்கவில்லை. ஜூன் மாதம் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் அவருடைய அறிக்கை ஒட்டப்பட்டது. எல்லா ஜாதியாரையும், முஸ்லிம்களையும் பெயர் சொல்லி விளித்து, அந்நியரை விரட்ட அழைத்த அறிக்கை அது.

கும்பெனிப் படை வருமுன் தம் சிறுவயலுக்குத் தாமே தீயிட்டார். காட்டை வெட்டிக் காளையார்கோவிலுக்குப் பாதை போட ஒரு மாதம் முயன்று தோற்றது படை. பிறகு வேறொரு சூழ்ச்சி செய்தார்கள். படமாத்தூர் கௌரி வல்லபருக்குப் பட்டம் சூட்டிச் சீமையாரை இரண்டாகப் பிரித்தார்கள். துப்பாக்கியைவிட இதுவே பலித்தது என்பது நம் கருத்து. அக்டோபர் 1-இல் காளையார்கோவில் விழுந்தது. 24-இல் திருப்பத்தூரில் சகோதரர் இருவரும் தூக்கிலிடப்பட்டனர்.

1802 பிப்ரவரியில் 70-க்கும் மேற்பட்டோரைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினர். அவர்களுள் சின்ன மருதுவின் மகன் துரைசாமி சிறு பையன். அவன் இறங்கிய தீவு 1786 வரை நம் கெடா சுல்தானுடையது. சியாமுக்கு எதிராகத் துணை நிற்பார்கள் என்று நம்பி அதைக் கும்பெனிக்கு விட்டார் சுல்தான். துணை வரவில்லை. 1791-இல் மீட்க முயன்றும் முடியவில்லை. ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளிதான் மிச்சம். சிவகங்கையில் கப்பம் வாங்கியதும் கெடாவில் தீவு வாங்கியதும் ஒரே கும்பெனி.

1959-இல் கட்டபொம்மன் படத்தோடு சிவகங்கைச் சீமை படமும் வந்தது. முன்னதன் வசனத்தைத்தான் நம் தோட்டத்துப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள்.

1818-இல் வெல்ஷ் என்ற கும்பெனி அதிகாரி பினாங்கு வந்தார். சின்ன மருதுவிடம் இளமையில் ஈட்டியெறியக் கற்றவர். பின் அவரை எதிர்த்த படையிலும் இருந்தவர். முப்பது வயதைச் சற்றே கடந்திருந்தும் கிழவன்போலத் தளர்ந்த ஒருவர் அவர்முன் வந்து நின்றார். துரைசாமி! வெல்ஷ் மனம் கலங்கினார். ஆனால் ஊருக்கு ஒரு கடிதம் வாங்கிச் செல்லவும் அவருடைய உத்தியோகம் இடங்கொடுக்கவில்லை.