துருத்தியில் ஓடிய விமானம்

எட்வின் லிங்க் 1904-ல் அமெரிக்காவில் பிறந்தார். அப்பாவுக்கு பிங்ஹாம்டன் ஊர்ல ஆர்கன் ஃபேக்டரி. நம்ம ஆர்மோனியம் மாதிரி துருத்தியும் காத்தும்தான் வேலை. விமானம் ஓட்டக் கத்துக்க நிறைய செலவாச்சு. அதனால 1929-ல் அதே துருத்திகளை வச்சு, தரையிலேயே சாயுற, திரும்புற குட்டி விமானம் செஞ்சார். அது பொருட்காட்சி விளையாட்டாத்தான் ஓடுச்சு.

1934-ல் தபால் கொண்டுபோன ராணுவ பைலட்டுகள் பலர் மோசமான வானிலையில் விழுந்து இறந்தார்கள். டயலை மட்டும் நம்பி ஓட்ட அவங்களுக்குப் பழக்கமில்லை. லிங்கின் பெட்டியில் மூடியை மூடிட்டா வெளியே எதுவும் தெரியாது; முள் காட்டுறதுதான் வானம். ராணுவம் 6 பெட்டி வாங்கியது. இரண்டாம் உலகப்போரில் சுமார் 5 லட்சம் பைலட்டுகள் அதில் பழகினார்கள். 1981-ல் லிங்க் காலமானார்.

பெருமுக்கல் பக்கம் ரூம்ல உட்கார்ந்து சர்வோ மோட்டார்ல ஆல்டிமீட்டர் செய்யுற நண்பா, உன் முள் பொய் சொல்லக்கூடாது.