‘ரன்’ கொடுத்ததும் பதில்... ‘பேசிக்’ மொழியைத் தந்த ஜான் கெமனி யார்?

கோடிங் கத்துக்கிறவங்க முதல் நாளே செய்யுற வேலை ஒன்று உண்டு. எடிட்டரில் ரெண்டு வரி டைப் செய்து, ரன் பட்டனைத் தட்டி, பதில் வருதான்னு பார்ப்பது. தப்பு இருந்தால் திருத்திவிட்டு மறுபடி ரன். இதெல்லாம் சில நொடி வேலை. 60 வருஷத்துக்கு முன்னாடி இதுக்கே நாள்கணக்கில் காத்திருக்கணும். அந்தக் காத்திருப்பை ஒழித்த இருவரில் ஒருவர்தான் ஜான் கெமனி.

அட்டையோடு அலைந்த காலம்

1926-ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிகளின் ஆபத்தை உணர்ந்த அப்பா முதலில் அமெரிக்கா போனார். 1940-ல் குடும்பமும் போய்ச் சேர்ந்தது. வர மறுத்த தாத்தா, யூத இனப்படுகொலையில் உயிரிழந்தார்.

பிரின்ஸ்டனில் படிக்கும்போதே அணுகுண்டுத் திட்டத்துக்காக லாஸ் அலமோஸுக்கு அழைக்கப்பட்டார் கெமனி. துளையிட்ட அட்டைகளை மெஷினில் போட்டுக் கணக்கு எடுக்கும் வேலை. ஒரு கணக்கு முடியவே வாரக்கணக்கில் ஆகும். பிறகு கொஞ்ச காலம் ஐன்ஸ்டீனின் கணித உதவியாளர்.

1950-களில் டார்ட்மவுத் கல்லூரியில் கணிதப் பேராசிரியர் ஆனார். அங்கே அப்போது கம்ப்யூட்டரே கிடையாது. சக பேராசிரியர் தாமஸ் கர்ட்ஸ், பெட்டி நிறைய அட்டைகளோடு ரயில் ஏறி பாஸ்டன் பக்கம் உள்ள எம்ஐடி வரை போய் வருவார். ஒரு இடத்தில் காற்புள்ளி விட்டுப்போனாலும் அவ்வளவுதான், அடுத்த பயணம் வரை காத்திருக்கணும்.

இலக்கியம், வரலாறு படிக்கும் மாணவர்களும் கம்ப்யூட்டரைத் தொட வேண்டும் என்பது இருவரின் ஆசை. இந்த முறையில் அவங்க யாரும் கிட்டயே வர மாட்டாங்க என்பதும் தெரிந்திருந்தது.

அதிகாலை 4 மணி

அதனால் ரெண்டு வேலையை ஒண்ணா எடுத்தார்கள். ஒன்று, ஒரே கம்ப்யூட்டரின் நேரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பலருக்கும் கொடுப்பது. காத்திருப்பதே தெரியாத அளவுக்கு வேகமாக ஆள் மாற்றி ஆள் கவனிக்கும் ஏற்பாடு இது. அதற்கான புரோகிராமில் பெரும்பகுதியை எழுதியது மாணவர்கள்தான். இன்னொன்று, எளிய ஆங்கிலச் சொற்களால் ஆன ஒரு மொழி. அதுதான் பேசிக்.

1964 மே 1, அதிகாலை 4 மணி. கெமனியும் ஒரு மாணவரும் பக்கத்துப் பக்கத்து டெர்மினல்களில் ‘ரன்’ என்று டைப் செய்தார்கள். இருவருக்கும் சரியான பதில் வந்தது.

அப்போது திரை கிடையாது. டைப்ரைட்டர் போன்ற மெஷினில் ‘பிரின்ட்’ என்று கொடுத்தால், நிஜமாகவே காகிதத்தில் அச்சாகி வரும். இன்றைக்கும் பல மொழிகளில் அந்தச் சொல்தான் இருக்கு. அந்த முதல் பேசிக்கில் ‘இன்புட்’ கட்டளை இல்லை என்பதுதான் ஆச்சரியம். தேவையான எண்களை ‘டேட்டா’ வரியாக முன்கூட்டியே புரோகிராமுக்குள் எழுதி வைக்கணும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கேள்விக்குறியைக் காட்டி, நம் பதிலுக்காகக் காத்து நிற்கும் ‘இன்புட்’ 1966-ல்தான் வந்தது. கம்ப்யூட்டரில் கேம் ஆடுவது மாணவர்களிடம் பரவ அது பெரிய காரணம்.

மொழியை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ள விட்டார்கள். மைக்ரோசாஃப்ட்டின் முதல் தயாரிப்பே 1975-ல் வந்த ஒரு பேசிக்தான்.

தலைவர் ஆன பிறகும் வகுப்பு

1970-ல் டார்ட்மவுத்தின் தலைவரான கெமனி, பாடம் நடத்துவதை மட்டும் விடவில்லை. இரு நூற்றாண்டுகளாக ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில், 1972-ல் பெண்களும் சேர்ந்தது இவர் காலத்தில்தான்.

1979-ல் திரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்தை விசாரிக்க, அதிபர் கார்ட்டர் அமைத்த குழுவுக்கும் இவரே தலைவர். அங்கேயும் கடைசியில் சிக்கல் அவுட்புட்டில்தான் வந்து நின்றது. கட்டுப்பாட்டு அறையில் நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் ஒரே நேரத்தில் அலறின. அவற்றை அச்சிட்டுத் தர வேண்டிய பிரின்டரோ மணிக்கணக்கில் பின்தங்கியிருந்தது. ஒரு வால்வை மூடச் சொல்லி உத்தரவு போனதை மட்டுமே விளக்கு காட்டியது. வால்வு திறந்தே கிடந்தது. ஊழியர்களின் தவறோடு, அவர்களுக்குச் சரியான பயிற்சி தராததையும், தகவலைக் குழப்பமாகக் காட்டிய கருவிகளையும் அறிக்கை கடுமையாகச் சாடியது.

1992 டிசம்பர் 26-ல், 66 வயதில் கெமனி காலமானார். கர்ட்ஸ் 2024 வரை வாழ்ந்தார்.