எட்வின் ஜான் பட்லர்

சர் எட்வின் ஜான் பட்லர் (ஆகஸ்ட் 13, 1874 - ஏப்ரல் 4, 1943) அயர்லாந்தில் பிறந்த பூஞ்சையியலாளரும் தாவர நோயியலாளரும் ஆவார். நீரிலும் மண்ணிலும் வாழும் பூஞ்சைகளைக் கண்டறிந்து வகைப்படுத்தியதில் இவரது பங்கு பெரிது. இந்தியாவில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணியாற்றிய இவர், இந்தியப் பூஞ்சையியலின் தந்தை என்றும் இந்தியத் தாவர நோயியலின் தந்தை என்றும் அழைக்கப்படுகிறார். அல்லோமைசிஸ் என்னும் பேரினத்தை 1911-இல் முதன்முதலாக விவரித்தவர் இவரே.

இளமையும் கல்வியும்

பட்லர் அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்திலுள்ள கில்கீ என்னும் கடலோர ஊரில் பிறந்தார். இவர் பிறப்பதற்குச் சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன்னர்தான், உருளைக்கிழங்குப் பயிரை ஃபைட்டோஃப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் அழித்ததால் அந்நாட்டில் பெரும் பஞ்சம் ஏற்பட்டிருந்தது. ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்ட அப்பஞ்சத்துக்குக் காரணமான பேரினத்தில், பிற்காலத்தில் பட்லரும் ஒரு முக்கிய இனத்தை இனங்காண நேர்ந்தது.

கார்க் நகரின் குயின்ஸ் கல்லூரியில் இவர் பயின்றது மருத்துவம். 1898-இல் பட்டம் பெற்றார். ஆனால் அங்கு இயற்கை வரலாற்றுப் பேராசிரியராக இருந்த மார்க்கஸ் ஹார்ட்டோக், சாப்ரோலெக்னியா முதலிய நீர்ப் பூஞ்சைகளை ஆராய்ந்து வந்தவர். அவருடைய தூண்டுதலால் பட்லரின் நாட்டம் மருத்துவத்திலிருந்து பூஞ்சைகளின் பக்கம் திரும்பியது. பின்னர் பாரிசு, ஆன்டிப், ஃபிரைபர்க், கியூ ஆகிய இடங்களில் பயிற்சி பெற்றார். சென்ற இடமெல்லாம் நீரையும் மண்ணையும் சேகரித்து, அவற்றில் வளரும் பித்தியம் இனங்களைத் தனித்தனியே வளர்த்து ஆராய்ந்தார்.

இந்தியாவில்

கியூ தாவரவியற் பூங்காவின் பரிந்துரையின் பேரில், 1901-இல் இந்திய அரசின் முதலாவது பூவாத் தாவரவியலாளராகக் கல்கத்தாவில் பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டு டேராடூனுக்கும், 1905-இல் பீகாரிலுள்ள பூசாவுக்கும் மாற்றப்பட்டார். ஹென்றி ஃபிப்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வந்தர் வழங்கிய நன்கொடையைக் கொண்டு கர்சன் பிரபு நிறுவிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் அங்குதான் அமைந்தது. பட்லர் அங்கு அரசுப் பூஞ்சையியலாளர் ஆனார். (1934-ஆம் ஆண்டு பீகார் நிலநடுக்கத்தில் கட்டடம் சேதமடைந்த பின் இந்நிலையம் 1936-இல் புதுதில்லிக்கு இடம் மாறியது. தில்லியிலும் அவ்வளாகம் பூசா என்றே வழங்கப்படுவதன் காரணம் இதுவே.)

பூசாவில் இவர் தொடங்கிய உலர் பூஞ்சைத் தொகுப்பு இன்றும் புதுதில்லியில் பேணப்படுகிறது. இந்தியாவில் சேகரித்தவற்றைச் செருமானிய அறிஞர் சிடோவுடன் சேர்ந்து 1906 முதல் 1916 வரை ஐந்து பகுதிகளாக வெளியிட்டார். இவருக்கு முன்பு இந்தியப் பூஞ்சைகள் கப்பலேறி ஐரோப்பா சென்று, அங்குள்ளோரால் பெயரிடப்படுவதே வழக்கமாயிருந்தது.  உலர்ந்த மாதிரியைக் கொண்டு நீர்ப் பூஞ்சையை வகைப்படுத்துவது ஏறக்குறைய இயலாத செயலாகும். அவற்றின் அடையாளம் வடிவத்தில் மட்டுமன்றி, வித்துகள் வெளிவரும் முறையிலும் உள்ளது. அதனைக் காண நுண்ணோக்கியின் முன் காத்திருக்க வேண்டும்.

பித்தியமும் பனைக் குருத்தழுகலும்

பித்தியம் பேரினத்தையும் சில கைட்ரிட் பூஞ்சைகளையும் பற்றிய பட்லரின் விரிவான ஆய்வேடு 1907-இல் வெளியாயிற்று. நாற்றங்கால்களில் இளஞ்செடிகளை அழுகி விழச் செய்வது பித்தியம். அதன் இழைகளுக்குள்ளேயே புகுந்து வாழும் நுண்ணிய ஒட்டுண்ணிகளையும் பட்லர் கண்டு விவரித்தார். நோய் உண்டாக்கும் பூஞ்சைக்கும் ஒரு நோய் உண்டு என்பது படிப்பவர்க்கு வியப்பளிக்கக்கூடியது.

அதே ஆய்வேட்டில் பித்தியம் பால்மிவோரம் என்ற புதிய இனமும் இடம்பெற்றது. அக்காலத்தில் சென்னை மாகாணத்தின் கோதாவரிப் பகுதியில் பனைமரங்கள் கூட்டங்கூட்டமாகப் பட்டுப்போயின. பனைக்கு ஒரே ஒரு வளர்நுனிதான் உண்டு. குருத்து அழுகினால் பக்கக்கிளை விட்டுத் தப்பிக்க அதனால் இயலாது. மரம் மொத்தமாக மடியும். பதநீர், வெல்லம், ஓலை, மரம் என எல்லாவற்றுக்கும் பனையை நம்பியிருந்த குடும்பங்களுக்கு இது வாழ்வாதாரப் பிரச்சினை. அழுகலுக்குக் காரணம் மேற்கூறிய உயிரியே என்றும், அது மழைக்காலத்தில் ஈரத்தின் துணையால் மட்டைகளின் வழியே உள்நோக்கிப் பரவுகிறது என்றும் பட்லர் காட்டினார். இதனால் நோயுற்ற மரங்களின் தலைப்பகுதியை வெட்டி எரிப்பதே தடுப்பு முறையாக மேற்கொள்ளப்பட்டது.

இவ்வினத்தின் பெயர் பின்னர் மாறியது. பித்தியத்தில் வித்துப்பையின் உள்ளடக்கம் முதலில் ஒரு மெல்லிய குமிழுக்குள் வெளியேறி, அங்குதான் இயங்கு வித்துகளாகப் பிரியும். ஃபைட்டோஃப்தோராவிலோ வித்துகள் பைக்குள்ளேயே முழுதாக உருவாகிப் பின்னர் வெளிவரும். இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொண்டு பட்லரே 1919-இல் தம் இனத்தை ஃபைட்டோஃப்தோரா பால்மிவோரா என மாற்றி அமைத்தார். எனவேதான் அறிவியற் பெயருடன் எழுதப்படும் ஆசிரியர் பெயரில், அடைப்புக்குள் ஒரு முறையும் வெளியே ஒரு முறையும் பட்லர் என வருகிறது. கொக்கோ, ரப்பர், தென்னை, பப்பாளி எனப் பல வெப்பமண்டலப் பயிர்களைத் தாக்கும் இனம் இது.

அல்லோமைசிஸ்

நீர்ப் பூஞ்சைகளைப் பிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. குளத்து நீரையோ, நீர் ஊற்றிய மண்ணையோ ஒரு கிண்ணத்தில் வைத்து, இறந்த ஈ அல்லது வேகவைத்த விதையை அதில் மிதக்கவிட்டால், சில நாட்களில் அதனைச் சுற்றி வெண்ணிற இழைகள் தோன்றும். நீர்ப் பூஞ்சை ஆய்வில் ஊறிய பட்லர், தாம் இந்தியாவில் கண்ட ஒன்று அறியப்பட்ட எப்பேரினத்திலும் அடங்காததை உணர்ந்தார். மரம்போல் கவர்கவராகக் கிளைத்த அதற்கு அல்லோமைசிஸ் ஆர்பஸ்குலா எனப் பெயரிட்டு 1911-இல் வெளியிட்டார். ஆர்பஸ்குலா என்பதற்குச் சிறுமரம் என்று பொருள்.

இதன் முக்கியத்துவம் பட்லர் இந்தியாவை விட்டுச் சென்ற பின்னரே தெரியவந்தது. 1929-இல் செருமானியரான ஹான்ஸ் க்னீப், இப்பேரினத்தின் வேறொரு இனத்தில் அளவில் வேறுபட்ட ஆண், பெண் பாலணுக்களைக் கண்டார். பெரணிகளைப்போலவே இதிலும் இரு தலைமுறைகள் மாறிமாறி வருகின்றன. 1941-இல் ரால்ஃப் எமர்சன் பல நாடுகளிலிருந்து வரவழைத்த உலர்ந்த மண் மாதிரிகளிலிருந்தே அல்லோமைசிசை வளர்த்துக் காட்டினார். தடித்த சுவருடைய ஓய்வு உறுப்புகள் வறண்ட மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிருடன் இருக்கும். பெண் பாலணுக்கள் ஆண் பாலணுக்களை ஈர்க்கச் சுரக்கும் சிரெனின் என்னும் பொருளும் இப்பேரினத்திலேயே கண்டறியப்பட்டது.

இன்றைய வகைப்பாட்டில் இவர் ஆராய்ந்த உயிரிகள் இரு வேறு திசைகளில் பிரிந்துவிட்டன. கைட்டின் சுவரும், பின்புறம் ஒற்றைக் கசையிழை கொண்ட வித்துகளும் உடைய அல்லோமைசிஸ் உண்மையான பூஞ்சையே. செல்லுலோசு சுவரும் ஈரிழை வித்துகளும் கொண்ட பித்தியமும் ஃபைட்டோஃப்தோராவும் பழுப்புப் பாசிகளின் உறவினங்கள். அவை பூஞ்சைகள் அல்ல.

மண்வழி நோய்கள்

துவரை வாடல் நோய் குறித்த இவரது ஆய்வு, இக்கட்டுரையாளர் கருத்தில், பட்லரின் முறையை நன்கு காட்டும் ஒன்று. வாடி மடிந்த செடிகளில் நியோகாசுமோசுபோரா என்னும் பூஞ்சை வளர்வது வழக்கம். பருத்தி போன்ற பயிர்களின் வாடலுக்கு அதுவே காரணம் என்று அமெரிக்காவின் எர்வின் சுமித் முன்பு முடிவு கூறியிருந்தார். பட்லர் இரண்டையும் தனித்தனியே வளர்த்து நலமான செடிகளில் செலுத்திப் பார்த்தார். நியோகாசுமோசுபோரா எத்தீங்கும் செய்யவில்லை. அது இறந்த திசுக்களை உண்டு வாழ்வது மட்டுமே. வேர் வழியே நுழைந்து செடியைக் கொல்வது ஒரு ஃபியூசேரியம் என நிறுவி, 1910-இல் அதற்கு ஃபியூசேரியம் உடம் எனப் பெயரிட்டார். மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும் இதனை மருந்து தெளித்து ஒழிக்க முடியாது என்பதால், பயிர்ச் சுழற்சியும் எதிர்ப்புத் திறனுள்ள இரகங்களுமே வழியாயின.

கிழக்கு வங்காளத்தில் நெற்பயிரைத் தாக்கிய ஊஃப்ரா நோயைப் பூஞ்சையின் மேல் சுமத்தாமல், அது ஒரு நூற்புழுவின் வேலை என 1913-இல் கண்டறிந்ததும் இவரே. எனினும் எல்லா முடிவுகளும் நிலைக்கவில்லை. திருவிதாங்கூர்த் தென்னை வேர் நோய் பற்றிய 1908-ஆம் ஆண்டு அறிக்கையில் வேரில் வாழும் பூஞ்சை ஒன்றின் மீது இவர் ஐயம் கொண்டார். 1980-களில் அந்நோயுடன் ஃபைட்டோபிளாசுமா தொடர்புடையது எனத் தெரியவந்தது.

கியூவில்

இந்திய அனுபவத்தின் சாரமாகப் பூஞ்சைகளும் தாவர நோய்களும் பற்றிய இவரது பெருநூல் 1918-இல் வெளிவந்தது. 1920-இல் கியூவில் புதிதாகத் தொடங்கிய பேரரசுப் பூஞ்சையியல் நிலையத்தின் முதல் இயக்குநரானார். உலகெங்கும் வெளியாகும் தாவர நோய் ஆய்வுகளைச் சுருக்கித் தரும் மாத இதழை 1922-இல் தொடங்கினார். கை பிஸ்பியுடன் இணைந்து தொகுத்த இந்தியப் பூஞ்சைகளின் பட்டியல் 1931-இல் வெளியானது. 1926-இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1935-இல் கியூவிலிருந்து விலகி, 1941 வரை பிரித்தானிய வேளாண் ஆராய்ச்சிக் குழுவின் செயலாளராக இருந்தார். 1939-இல் சர் பட்டம் பெற்றார்.

பட்லர் 1943 ஏப்ரல் 4 அன்று காலமானார். அவர் எழுதி முடிக்காத தாவர நோயியல் நூலை எஸ். ஜி. ஜோன்ஸ் நிறைவு செய்ய, அது 1949-இல் இருவர் பெயரிலும் வெளிவந்தது.