ஏக்நாத் சோல்கர்

ஏக்நாத் சோல்கர் (மார்ச் 18, 1948 - ஜூன் 26, 2005) இந்தியத் துடுப்பாட்ட அணியின் பன்முக ஆட்டக்காரரும் உலகின் மிகச் சிறந்த களத்தடுப்பாளர்களுள் ஒருவரும் ஆவார். 27 தேர்வுப் போட்டிகளில் 53 பிடிகளை எடுத்தார். இலக்குக் காப்பாளர் அல்லாதோருள், 20 அல்லது அதற்கு மேற்பட்ட தேர்வுப் போட்டிகளில் ஆடியவர்களை ஒப்பிடுகையில், ஒரு போட்டிக்கு எடுக்கப்பட்ட பிடிகளின் சராசரியில் இதுவே உயர்ந்ததாகக் கொள்ளப்படுகிறது.

இளமைக் காலம்

சோல்கர் மும்பையில் பிறந்தார். அவரது தந்தை அங்குள்ள இந்து ஜிம்கானா மைதானத்தைப் பராமரிக்கும் ஊழியராகப் பணியாற்றினார். குடும்பம் மைதானத்திலேயே ஓர் அறைக் குடிலில் வாழ்ந்தது. சிறுவயதில் அங்கு நடைபெற்ற ஆட்டங்களின்போது ஓட்டப் பலகையில் எண்களை மாற்றும் வேலையைச் சோல்கர் செய்தார். பின்னர் இந்தியப் பள்ளி மாணவர் அணிக்குத் தலைமை தாங்கினார். அவருடைய தம்பி அனந்த் சோல்கரும் முதல்தரத் துடுப்பாட்டம் ஆடியவர்.

தேர்வுத் துடுப்பாட்டம்

1969ல் ஐதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிராகத் தமது முதல் தேர்வுப் போட்டியில் ஆடினார். இடதுகைத் துடுப்பாட்டக்காரரான இவர், பந்தை இடது கையால் மிதவேகமாகவும் சுழலாகவும் வீசக்கூடியவர். 1971ல் மேற்கிந்தியத் தீவுகளின் கிங்ஸ்டனில் இந்தியா 75 ஓட்டங்களுக்கு 5 இலக்குகளை இழந்து தடுமாறியபோது, திலீப் சர்தேசாயுடன் இணைந்து 137 ஓட்டங்கள் சேர்த்தார். 1975ல் மும்பை வான்கடே அரங்கில் நடைபெற்ற முதல் தேர்வுப் போட்டியில் 102 ஓட்டங்கள் எடுத்தார். இதுவே அவருடைய ஒரே தேர்வுச் சதமாகும்.

களத்தடுப்பு

பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன் ஆகிய நால்வரின் சுழற்பந்து வீச்சே அக்கால இந்திய அணியின் வலிமையாக இருந்தது. சுழற்பந்து மட்டையின் விளிம்பிலோ கால்காப்பிலோ பட்டுச் சில அடி தூரமே எழும்பும். அதைப் பிடிக்க ஒருவர் துடுப்பாட்டக்காரருக்கு மிக அருகில் நிற்க வேண்டும். பார்வர்ட் ஷார்ட் லெக் எனப்படும் இவ்விடத்தில் சோல்கர் தலைக்கவசமோ வேறு காப்புகளோ இன்றி நின்றார். துடுப்பாட்டத்தில் தலைக்கவசம் பரவலானது 1970களின் இறுதியில்தான். ஓங்கி அடிக்கப்பட்ட பந்து உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடிய இடம் அது.

1971 ஆகஸ்டில் இலண்டன் ஓவல் மைதானத்தில் அவர் எடுத்த பிடி புகழ்பெற்றது. முதல் இன்னிங்சில் 90 ஓட்டங்கள் எடுத்திருந்த ஆலன் நொட், இரண்டாம் இன்னிங்சில் சென்னையைச் சேர்ந்த வெங்கட்ராகவனின் பந்தை மெல்லத் தட்டினார். சோல்கர் முன்னோக்கிப் பாய்ந்து, தரையைத் தொடும் முன் அதைப் பிடித்தார். நொட் 1 ஓட்டத்துடன் வெளியேறினார். சந்திரசேகர் 6 இலக்குகளைக் கைப்பற்ற, இங்கிலாந்து 101 ஓட்டங்களுக்குச் சுருண்டது. இந்தியா 4 இலக்குகளால் வென்று, இங்கிலாந்து மண்ணில் தனது முதல் தேர்வு வெற்றியையும் முதல் தொடர் வெற்றியையும் பெற்றது. 1972-73ல் இந்தியாவில் இங்கிலாந்துக்கு எதிராக நடந்த தொடரில் சோல்கர் 12 பிடிகளை எடுத்தார்.

ஆட்டக் குறிப்பேட்டில் இலக்கு பந்து வீச்சாளரின் கணக்கிலேயே சேரும். பிடித்தவருக்கு எண்ணிக்கை மட்டுமே உண்டு. தேர்வுப் போட்டிகளில் சோல்கரின் மட்டைச் சராசரி 25.42, வீழ்த்திய இலக்குகள் 18. இவ்வெண்களைக் கொண்டு மட்டும் அவரது பங்கை அளவிட இயலாது. சுழற்பந்து வீச்சாளர் நால்வரும் பெற்ற வெற்றிகளில் அவரது கைகளுக்கும் பங்குண்டு.

மறைவு

சோல்கர் தமது இறுதித் தேர்வுப் போட்டியை 1977 சனவரியில் கொல்கத்தாவில் ஆடினார். 2005 ஜூன் 26 அன்று மும்பையில் மாரடைப்பால் தமது 57வது வயதில் காலமானார்.