மணலில் தெரிந்த நாதம்

பேசன் ஒன்றின் வாயில் பொலித்தீனை இறுக்கிக் கட்டுங்கள். அதன்மேல் சிறிது மென்மணலைத் தூவிவிட்டு, அருகே வாயை வைத்து நீண்டதோர் ஒலி எழுப்புங்கள். மணல் துள்ளும், துள்ளித் துள்ளிச் சில கோடுகளில் போய் ஒதுங்கும். குரலை உயர்த்தினால் கோலமும் மாறும். இன்றைய மேடைகளில் பாடுபவரின் குரலுக்கேற்பப் பின்திரையில் வண்ண அலைகளை அசைய வைப்பது கணினி. அது தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே ஜேர்மனியரான கிளாட்னி, மணல் தூவிய தகட்டின் விளிம்பை வயலின் வில்லால் தேய்த்து, ஐரோப்பிய நகரங்களில் இதைக் காட்சியாக நடத்தினார். 1809 இல் நெப்போலியனும் அதைப் பார்த்தார். அதே மணலை நம் மிருதங்கத்தின் மேல் தூவிப் பார்த்தவர் சேர் சி. வி. இராமன்.

இராமன் 1888 நவம்பர் 7 ஆம் திகதி திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தை கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர், இசைப் பிரியர். மனைவி லோகசுந்தரி அம்மாள் வீணை வாசிப்பவர். சென்னையில் எம்.ஏ. முடித்த இராமன், உடல்நிலை இடங்கொடாததால் மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்லவில்லை. 1907 இல், பதினெட்டு வயதில், கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியானார். கை நிறையச் சம்பளம். ஆனாலும் காலையில் அலுவலகம் போகுமுன்னும் மாலையில் திரும்பியபின்னும் பௌபஜார் வீதியிலிருந்த விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுகூடத்திலேயே கிடந்தார். பல வருடங்கள் இப்படியே கழிந்தன. அங்கே அவர் முதலில் பிடித்துக்கொண்டது இசைக்கருவிகளைத்தான். அதிரும் வயலின் தந்தியின் அசைவை நகரும் தகட்டில் படம்பிடித்து, காதுக்கு மட்டும் எட்டியதைக் கோடாக மாற்றினார்.

1917 இல் அரச பதவியை உதறிவிட்டு, அதைவிடக் குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

மேளங்களின் ஒலி சங்கீதமே அல்ல என்பது அக்கால ஐரோப்பிய விஞ்ஞானிகளிடம் இருந்த எண்ணம். அதற்குக் காரணமும் இருந்தது. இனிய நாதத்தில் அடிச்சுருதி 100 என்றால், கூடவே எழும் மேற்றொனிகள் 200, 300, 400 என முழு மடங்குகளாக வரும். வெறும் தோலிலோ 159, 214 என்று தாறுமாறாக வரும். பாவாமார் தட்டும் றபானில் தாளம் கேட்கும், சுருதி கேட்காது. மிருதங்கத்தின் வலந்தலை அப்படியல்ல. அதன் நடுவே, ஒருவகைக் கற்பொடியைச் சோற்றுடன் பிசைந்து, அடுக்கடுக்காகத் தேய்த்த கரிய கரணை இருக்கிறது. அந்தப் பாரம் தோலின் அதிர்வுகளை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது என்று 1920 இல் நேச்சர் சஞ்சிகையில் சிவகாளி குமாருடன் சேர்ந்து இராமன் எழுதினார். 1934 இல் அதைக் கண்ணுக்கே காட்டினார். விரலால் தோலை மெல்லத் தொட்டபடி தட்டும்போது, தூவிய மணல் அசையாத இடங்களில் ஒதுங்கியது. ஒரு தட்டில் குறுக்கே ஒரு கோடு, இன்னொன்றில் இரண்டு, வேறொன்றில் வட்டம். இப்படி ஒன்பது விதமான அதிர்வுகள் ஐந்தே சுரங்களுக்குள் அடங்கிவிடுவதை அவர் கண்டார். பெயர் தெரியாத மிருதங்கத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகக் காதை மட்டுமே நம்பி இதைச் செய்து வந்திருக்கிறார்கள்!

இதற்கிடையில் 1928 பெப்ரவரி 28 ஆம் திகதி நிகழ்த்திய ஒளிச்சிதறல் கண்டுபிடிப்புக்காக 1930 இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் புகழில் மேளக்கதை மறைந்துபோயிற்று. பாடநூலில் நாம் படிப்பதும் ஒளியைப் பற்றி மட்டுமே.

பெண்பிள்ளைகளாகிய நாம் அறியவேண்டிய இன்னொன்றும் உண்டு. 1933 இல் பெங்களூர் விஞ்ஞான நிறுவனத்தின் இயக்குநராக இருந்த இராமன், கமலா பாக்வத் என்ற மாணவியைப் பெண் என்பதற்காகவே சேர்க்க மறுத்தார். அவர் விடவில்லை. இராமனிடமே போய் வாதாடி, ஒரு வருடம் சோதனை மாணவியாக நுழைந்தார். அவரது உழைப்பைக் கண்டபின் இராமன் பெண்களுக்கு அனுமதி கொடுத்தார். கமலா பின்னர் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்றார். மிருதங்கத்தை நிரூபிக்காமலே ஒதுக்கிய உலகத்தோடு வழக்காடியவர், ஒரு பெண்ணின் திறமையை மட்டும் சோதித்துப் பாராமலே ஒதுக்கப் பார்த்தது விசித்திரந்தான்.

1948 இல் பெங்களூரில் தமக்கென ஓர் ஆய்வு நிறுவனம் அமைத்து, இறுதிவரை அங்கேயே உழைத்தார். 1970 நவம்பர் 21 ஆம் திகதி காலமானார். அவர் விரும்பியபடி அந்த நிறுவனத் தோட்டத்திலேயே தகனம் நடந்தது. அங்கு இப்போது ஒரு மரம் நிற்கிறது.